ஆற்றுப்படுத்துதலா, அனுசரிக்கச் சொல்லுதலா?

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல் இன்று நம் பங்குகளில் பெரிதும் வழங்குகிறது. பங்கு அலுவலகத்தின் ஒரு மூலையில் மேசையும் இரண்டு நாற்காலிகளும் இட்டு, கதவில் 'ஆற்றுப்படுத்தும் மையம்' என்று எழுதி ஒட்டிவிட்டால் குடும்ப நலப் பணி தொடங்கிவிட்டதாகக் கருதிக்கொள்கிறோம். மூன்று மாதப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே அமர்கிறார். வீட்டில் சண்டை என்று வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் செவிமடுக்கிறார். முடிவில் அவர் சொல்வது என்ன? நம் அப்பாரு திண்ணையில் அமர்ந்து சொன்ன அதே சொல்தான்: "அனுசரிச்சுப் போ, அம்மிணி." திண்ணைப் பெரியவர் அதைத் தம் பெயரால் சொன்னார், நாம் உளவியலின் பெயரால் சொல்கிறோம்.

இதைக் குற்றச்சாட்டாகவே எழுதுகிறோம். குற்றம் சாட்டப்படுவோர் வரிசையில் முதலில் நிற்பவர் நாமே என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். ஆறு என்றால் வழி. சங்கத்துப் பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழிசொல்லும் இலக்கியம் அது. மலைபடுகடாத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: எங்கே கல் வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே சோறு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. போகிறவனின் கால் தடுக்காமல் இருக்க வேண்டும் என்ற கவலை உண்டு. 'வந்த வழியே திரும்பிப் போ' என்று எந்த ஆற்றுப்படையும் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல சொல்லை எடுத்து, அடிபட்டு வந்தவளை அடித்தவனிடமே திருப்பி அனுப்பும் வேலைக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் ஆற்றுப்படுத்துதல் என்றால் கார்ல் ராஜர்ஸ்தான். 1902-இல் பிறந்த இந்த அமெரிக்க உளவியலார், இளமையில் நியூயார்க்கில் இரண்டாண்டுகள் இறையியல் பயின்று, பிறகு அதைவிட்டு உளவியலுக்கு வந்தவர். அதனாலோ என்னவோ குருமடங்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. 1951-இல் வெளிவந்த அவருடைய நூல், நாடி வருகிறவரை மையமாகக் கொண்ட அணுகுமுறைக்கு அடித்தளமிட்டது. உண்மையாயிரு, நிபந்தனையின்றி மதி, மற்றவர் உள்ளத்தை அவர் நிலையிலிருந்து உணர். இம்மூன்றும் அமைந்தால் வந்தவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார் என்பது அவர் துணிபு. அவரைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. பீடத்திலிருந்து பேசியே பழகிய எம்மைப் போன்றோருக்கு வாயை மூடிக் கேட்கக் கற்றுத் தந்தவர் அவர். ஆயின் 'வந்தவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார்' என்பதில் ஒன்று மறைந்திருக்கிறது. வழி ஒன்று இருக்க வேண்டும். அதில் நடக்கக் காலும் கையில் பேருந்துக்குக் காசும் இருக்க வேண்டும்.

பல்லடத்துப் பக்கம் ஒரு பங்கில் நாம் இருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். அவருடைய இசைவோடும், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இதை எழுதுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. திருமணத்திற்கு முன்பு அவர் ஒரு நூற்பாலை விடுதியில் மூன்றாண்டுகள் வேலை செய்தவர். சுமங்கலித் திட்டம் என்று இம்மாவட்டங்களில் பெயர்பெற்ற ஏற்பாடு அது. மூன்றாண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி, வயதுப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்குவார்கள். அத்தொகை நகையாகும், நகை திருமணமாகும். அவருக்கும் அப்படியே ஆயிற்று. கணவர் விசைத்தறி ஓட்டுபவர். தறிக்கு வாங்கிய கடனுக்கு நகை அடகுக்குப் போயிற்று. அதைக் கேட்ட நாளிலிருந்து அடி.

நாம் ராஜர்ஸ் வழியில் ஐம்பது நிமிடம் கேட்டோம். அவர் சொன்னதன் உணர்வைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. எனவே, "உனக்கு மனசு ரொம்ப வலிக்குதும்மா" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாங்க சாமி, கையுந்தான் வலிக்குதுங்க" என்றார். முந்தானைக்குள் வைத்திருந்த மணிக்கட்டு வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். ஐம்பது நிமிடம் அவருடைய உள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

தனியாள் உளவியல் போதாது, குடும்பம் முழுவதையும் அழைத்துப் பேச வேண்டும் என்று அப்போது நமக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய முதல் ஆள் நாம் அல்லர். 1950-களில் அமெரிக்காவில் கிரகரி பேட்சனும் அவர் தோழர்களும், நோய் ஒருவரிடம் தெரிந்தாலும் அதன் இருப்பிடம் குடும்பத்தின் உறவுமுறையில் இருக்கக்கூடும் என்று சிந்திக்கத் தொடங்கினர். 1956-இல் அவர்கள் 'இரட்டைக் கட்டு' என்றொரு கருத்தை வெளியிட்டனர்: எதைச் செய்தாலும் தவறாகும்படியும், அங்கிருந்து வெளியேறவும் முடியாதபடியும் ஒருவரைக் கட்டிவைத்தல். மர்ரே போவன் மூவர் சிக்கும் முக்கோணங்களைப் பற்றியும், தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் பதற்றத்தைப் பற்றியும் எழுதினார். வர்ஜீனியா சத்தீர் 1964-இல் குடும்பத்தாரை ஒருங்கே அமர்த்திப் பேசும் முறைக்கு நூல் செய்தார். அர்ஜென்டினாவில் பிறந்த சல்வதோர் மினூச்சின், நியூயார்க்கின் ஏழைச் சிறுவர்களுடைய குடும்பங்களில் தொடங்கி, 1974-இல் குடும்ப அமைப்பையும் அதன் உள்வரம்புகளையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

இவர்களிடமிருந்து நம் பயிற்சி வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வட்டம். கரும்பலகையில் வரைந்து காட்டுவார்கள்: அவள் கத்துகிறாள், அதனால் அவன் குடிக்கிறான், அவன் குடிக்கிறான், அதனால் அவள் கத்துகிறாள். காரணமும் விளைவும் வட்டமாகச் சுற்றுகின்றன; தொடக்கம் எங்கே என்று தேடாதே; எவர் பக்கமும் சாயாதே.

நாம் அவ்வாறே செய்தோம். இருவரையும் அழைத்தோம். கணவர் தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். "தப்புத்தானுங்க சாமி, இனிமே பாத்துக்கறனுங்க" என்றார். அவரைப் பேசவிட்டோம், மனைவியையும் பேசவிட்டோம். அவர் நம்மை நம்பி, அடகுச் சீட்டு முதல் எல்லாவற்றையும் சொன்னார். இருவரையும் செபித்து அனுப்பினோம். அமர்வு சிறப்பாக நடந்ததென்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியும் வைத்தோம். அந்த அறையில் என்ன சொன்னாரோ அதற்காகவே அன்றிரவு அவர் அடிபட்டார் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

குடும்பச் சிகிச்சைத் துறைக்குள்ளேயே இந்த வட்டத்தைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. 1978-இல் ரேச்சல் ஹேர்-மஸ்டினும் 1985-இல் வர்ஜீனியா கோல்ட்னரும் கேட்டது இதுதான்: குடும்ப உறுப்பினர் அனைவர் கையிலும் ஒரே அளவு அதிகாரம் இருப்பதாக எண்ணிக்கொண்டு வட்டம் வரைகிறீர்களே, அது யார் வீட்டில் அப்படி இருக்கிறது? அடிக்கிறவனும் அடிபடுகிறவளும் ஒரே வட்டத்தின் இரு புள்ளிகள் என்றால், அடியில் பாதி அவள் கணக்கில் ஏறிவிடுகிறது. இக்கேள்வி எழுந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் பயிற்சி மையங்களின் கரும்பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நாட்டின் சட்டத்திற்கு வந்து சேர்ந்துவிட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிகளைப் படியுங்கள். ஆற்றுப்படுத்தும் அமர்வில், தான் அடித்தது சரியே என்று நியாயம் பேச எதிர்த்தரப்பினரை அனுமதிக்கலாகாது. இதை அமர்வு தொடங்குமுன்பே அவருக்கு அறிவித்துவிட வேண்டும் என்கின்றன. வழக்கில் தொடர்புடையவரோ, இரு தரப்பில் ஒருவருக்கு உறவினரோ ஆற்றுப்படுத்துநராக அமரக்கூடாது என்றும் சொல்கின்றன. அந்தத் திருமணத்தை மந்திரித்தவர் நாம். மாப்பிள்ளையின் தந்தை நம் பங்குப் பேரவை உறுப்பினர். நாம் எப்படி அந்த நாற்காலியில் அமர்ந்தோம்?

'ஏதோ ஓரிரு வீட்டில் நடப்பதை ஊர் வழக்கமாக்காதீர்' என்று சிலர் எழுதுவார்கள் என எதிர்பார்க்கிறோம். 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எப்போதேனும் பட்டறிந்தவர்கள். ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

குடும்ப அமைப்புக் கோட்பாட்டில் இன்னொரு சொல் உண்டு: சமநிலை. குடும்பம் தன் சமநிலையைக் காத்துக்கொள்ளவே முயலும், ஒருவர் மாறினால் மற்றவர்கள் சேர்ந்து அவரைப் பழைய இடத்திற்கு இழுப்பார்கள் என்று 1957-இல் டான் ஜாக்சன் எழுதினார். கவனிப்புச் சரியே. ஆனால் நம்மவர் அதைக் கேட்டுவிட்டுச் சமநிலையே நோக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். குடும்பமும் சாதியும் தம் சமநிலையைக் காத்துக்கொள்ளப் புறப்பட்டால் என்னவாகும் என்பதை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்துகொண்ட சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். பிறகு நீதிமன்றத்தில் தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் தந்தைக்கும் மற்றும் ஐவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது; 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, அந்த ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கோட்பாடும் இந்த மண்ணில் செல்லாது. கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் கிறித்தவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள்.

அப்படியானால் குடும்பத்தை அழைக்கவே வேண்டாமா என்றால், அதுவும் அன்று. அமெரிக்கர்கள் குடும்பத்தைக் கண்டுபிடித்த அதே பத்தாண்டில் நம் நாட்டில் நடந்ததை நம் பயிற்சி வகுப்புகள் சொல்வதில்லை. மேலைநாட்டில் 1948 முதற்கொண்டு, மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று தாய்மார்களைப் பழித்துக்கொண்டிருந்தார்கள். இரட்டைக் கட்டுக் கருத்தும் அந்தப் பழியிலிருந்து முழுதாக விலகவில்லை. அப்பழி ஆதாரமற்றதென்று பிற்காலத்தில் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் தங்குவது வழக்கமாயிற்று. இங்கே குடும்பத்தார் குற்றவாளிகளாக அழைக்கப்படவில்லை; கவனித்துக்கொள்ளக் கற்பதற்காக, துணையாட்களாக அழைக்கப்பட்டார்கள். நோய் வேறு, அநீதி வேறு. நோயில் குடும்பம் துணை. அநீதியில் குடும்பத்தில் யார் துணை, யார் எதிரி என்று முதலில் கேட்டாக வேண்டும்.

மினூச்சினைப் படித்துவிட்டு வருகிற நம் இளைஞர்கள், மாமியாரும் மகனும் 'வரம்பின்றிப் பிணைந்திருக்கிறார்கள்' என்று உடனே எழுதிவிடுகிறார்கள். திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை. குளியலறை ஆறு வீட்டுக்கு ஒன்று. வரம்பை எங்கே கட்டச் சொல்கிறீர்கள்? தோட்டத்துச் சாளையில் பிரச்சினை வேறு: அங்கே இடம் நிறைய உண்டு, பட்டா ஒருவர் பெயரில் மட்டும் உண்டு. இன்னொன்றும் உண்டு. கொங்கு வேளாளர் திருமணத்தில் இணைச்சீர் என்றொரு சடங்கு நடக்கும். மணமகனோடு அவன் உடன்பிறந்தவளை வைத்துச் செய்யும் சீர். மனைவி வந்த பின்னும் உடன்பிறந்தாள் உறவு அறாது என்று சபையறியச் சொல்வது. நம் கிறித்தவ வீடுகளில் சடங்கு இல்லாவிட்டாலும் அந்த எண்ணம் உண்டு. மேலைநாட்டுப் புத்தகம் இதை அளவுமீறிய பிணைப்பு என்று குறிக்கக்கூடும். ஆனால் புகுந்த வீட்டில் அடி விழும்போது வாசலில் வந்து நிற்பவன் அந்த அண்ணன்தான். அவளுக்கு வேறு காவல் இல்லை.

இவ்வாசிரியர்களுள் நம் ஊருக்கு மிக அருகில் வருபவர் என்று நமக்குத் தோன்றுகிறவரைப் பயிற்சி வகுப்புகளில் பெயர்கூடச் சொல்வதில்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவான் போசோர்மேனி-நாட்ஜ், 1973-இல் ஜெரால்டின் ஸ்பார்க் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கேடு உண்டு என்றார். யார் யாருக்கு என்ன கொடுத்தார், யார் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது அதில் ஏறிக்கொண்டே போகிறது. தீராத கடன் அடுத்த தலைமுறையின் தலையில் விழுகிறது. எனவே ஆற்றுப்படுத்துநரின் முதல் கேள்வி எது நேர்மை என்பதே. எவர் பக்கமும் சாயாதிருப்பதற்கு மாறாக, ஒவ்வொருவர் பக்கமும் முறையே நின்று பார்க்கச் சொன்னார்.

மொய் நோட்டு இல்லாத வீடு கொங்கு நாட்டில் உண்டா? இருபது ஆண்டுக்கு முன் எழுதிய நூற்றொரு ரூபாயைத் தேடிப் பார்த்துத் திருப்பிச் செய்கிற மக்கள் நாம். அந்த நோட்டில் ஏறாதது ஒன்றுண்டு. பதினாறு வயதில் ஆலைக்குப் போன மகளின் மூன்றாண்டு உழைப்பை எந்தப் பக்கத்தில் எழுதினோம்? அது குடும்பத்திற்கு அவள் கொடுத்தது. 'அவள் கல்யாணச் செலவு' என்று அவள் பற்றிலேயே எழுதிவிட்டோம்.

மூன்றாம் முறை அப்பெண்மணி நம்மிடம் வரவில்லை. கன்னியர் மருந்தகத்துச் சகோதரியிடம் போனார். சகோதரி நம்மைவிட அறிவுடையவர். கணவரை அழைக்கவில்லை. கையைக் கட்டினார், இன்றிரவு எங்கே தூங்குவாய் என்று கேட்டார், அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணன் நம்மிடம் வந்தார். "பொறந்த ஊட்டுக்கு வர்றத யாருங்க வேண்டாங்கறா? ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வரச் சொல்லுங்க சாமி" என்றார். விடுதலைப் பத்திரம். தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். கிறித்தவர்களுக்குரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குள்ள பங்கே மகளுக்கும். பங்கைக் கேட்டால் அண்ணன் இல்லை. பங்கை விட்டால் அண்ணன் தயவில் வாழ்நாள் முழுவதும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தவறு; வெளியேறவும் வழியில்லை. பேட்சன் சொன்ன இரட்டைக் கட்டை நாம் புரிந்துகொண்டது புத்தகத்தில் அன்று, அந்த முத்திரைத்தாளைப் பார்த்தபோதுதான். பேட்சன் அதைப் பேச்சில் தேடினார். இங்கே அது பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருக்கிறது.

உளவியலே வேண்டாம், செபமாலை போதும் என்கிற அன்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அருள்பணியில் உளவியலையும் சமூகவியலையும் பயன்படுத்தச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கமே. இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 62-ஆம் எண்ணைப் பார்க்க. திருமணப் பிணைப்பைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பச் சொல்வோர் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் எண்ணையும் சேர்த்துப் படிக்கட்டும். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் கடும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ அது இடமளிக்கிறது; தாமதம் ஆபத்தானால் தம் சொந்த முடிவின்படியே பிரியலாம் என்றும் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில், சில வேளைகளில் பிரிவு ஒழுக்க முறைப்படி இன்றியமையாததாகவே ஆகலாம் என்றார். முப்பதாண்டு குருத்துவத்தில் இந்த 1153-ஐ எடுத்துக்காட்டி எந்தப் பெண்ணுக்கேனும் நாம் விளக்கியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தோம். இல்லை.

மறைமாவட்டத்தில் இப்பணிக்குப் பொறுப்பானவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. வருகிற பெண்ணை முதலில் தனியே சந்தியுங்கள். அடி உண்டா என்று நேராகக் கேளுங்கள். உண்டென்றால் சேர்த்து அமர்த்தாதீர்கள். நகை யாரிடம், கூலி யார் கையில், வீடு யார் பெயரில், இன்றிரவு எங்கே என்று கேட்ட பிறகு மனத்தைப் பற்றிக் கேளுங்கள். 181 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். அந்தத் திருமணத்தை நடத்திவைத்த குருவை அந்த நாற்காலியில் அமர்த்தாதீர்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பில் மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று அரை நாள் எடுக்கிறீர்களே, அதில் ஒரு மணி நேரத்தைச் சொத்துச் சட்டம் அறிந்த ஒருவருக்குக் கொடுங்கள். பயிற்சிச் சான்றிதழ் தரும் முன்பு, குறைந்தது ஓராண்டு அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் உட்கார வையுங்கள்.

அப்பெண்மணி கையெழுத்திடவில்லை. கணவரிடமும் போகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். மகளோடு ஒரு லைன் வீட்டில் இருக்கிறார். கணவர் குடியை நிறுத்த மருத்துவம் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். நகை இன்னும் மீளவில்லை. அண்ணன் பேசுவதில்லை. சென்ற கிறிஸ்துமஸுக்குத் தம் மனைவி வழியாக ஒரு சேலை கொடுத்தனுப்பினார். அவர் அதை வாங்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. சகோதரியின் அலமாரியில் கடைப்பையோடு இருக்கிறது.